பாக்கெட் மூலையில் ஒரு சின்ன எழுத்து: அமெரிக்க மளிகைக் கடையில் கோஷர் முத்திரையைப் படிப்பது எப்படி?

நியூஜெர்சியில் எடிசனும் ஹைலண்ட் பார்க்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். எடிசனில் தோசை மாவும் முருங்கைக்காயும் கிடைக்கும். ஹைலண்ட் பார்க்கில் சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஜெப ஆலயத்துக்கு நடந்துபோகும் யூதர்களைப் பார்க்கலாம். நாங்கள் அங்கே குடிபோன முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். வட்டத்துக்குள் 'யூ' போட்டிருந்தால் கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உகந்தது என்று யாரோ சொல்லியிருந்தார்கள், போட்டிருந்தது. பாட்டி வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார், நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், பாக்கெட்டைத் திருப்பி அந்த வட்டத்தை ஒட்டினாற்போல் இருந்த 'டி' என்ற எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துச் சிரித்தார். மேசையில் கோழி இருந்தது. பிஸ்கட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது, மறுநாள் காலைக்கு.

எனக்குத் தாங்கவில்லை. அதே பிஸ்கட்டில் இன்னொரு பாக்கெட் வாங்கிவந்து பொருள் பட்டியலை வரிவரியாகப் படித்தேன். பால் இல்லை, வெண்ணெய் இல்லை, பால் பவுடர்கூட இல்லை. அப்புறம் எதற்கு 'டி'? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். விருந்துக்குப் போகிறவர்களுக்கு உதவும். அதைவிட, "கோஷர்னா சைவம்தானே" என்று நம்பி வாங்கிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

முதலில் விதிகள், சுருக்கமாக

அசைபோடவும் வேண்டும், குளம்பு பிளந்தும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட மிருகத்தைத்தான் சாப்பிடலாம். மாடு, ஆடு சரி, பன்றி கூடாது. மீனுக்குச் செட்டையும் செதிலும் வேண்டும், அதனால் இறால், நண்டு, கெளுத்தி, சுறா எல்லாம் வெளியே (சுறாப்புட்டுக்கு வழியே இல்லை). அனுமதித்த மிருகத்தையும் முறைப்படி அறுத்து ரத்தத்தை நீக்கியாக வேண்டும். கடைசியாக, இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யூதர்களின் வேத நூலான தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை. அதிலிருந்து வளர்ந்ததுதான் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கழுவுதொட்டி, இறைச்சி சாப்பிட்டால் பாலுக்குப் பலரும் ஆறு மணி நேரம் காத்திருப்பது எல்லாம். பாக்கெட்டில் இருக்கும் குட்டி எழுத்துகளில் பாதிக்கும் மேல் இந்தக் கடைசி விதிக்காகவே இருக்கின்றன.

படி 1: முத்திரையைத் தேடுங்கள்

முன்பக்கக் கீழ் மூலையிலோ, பெயருக்குப் பக்கத்திலோ, பின்னால் சத்துப் பட்டியலை ஒட்டியோ இருக்கும். சில பாக்கெட்டுகளில் கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. வட்டத்துக்குள் 'ஆர்' இருந்தால் அது பதிவுபெற்ற வணிகக் குறி, 'சி' இருந்தால் பதிப்புரிமை. இரண்டுக்கும் கோஷருக்கும் சம்பந்தமில்லை. அவசரத்தில் நானே ஏமாந்திருக்கிறேன்.

வட்டத்துக்குள் 'யூ' என்றால் ஓயூ, அதாவது ஆர்த்தடாக்ஸ் யூனியன். அந்த அமைப்பு தொடங்கியது 1898இல். 1923இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் இறைச்சி சேர்க்காத பீன்ஸ் டப்பாவுக்குச் சான்றளித்ததில்தான் அதன் கோஷர் முத்திரையின் கதை ஆரம்பிக்கிறது. வட்டத்துக்குள் 'கே' என்றால் ஓகே, 1935இல் ஆபிரகாம் கோல்ட்ஸ்டீன் என்ற வேதியியலாளர் தொடங்கியது. நட்சத்திரத்துக்குள் 'கே' என்றால் பால்டிமோரின் ஸ்டார்-கே. எபிரேய எழுத்து ஒன்றின் வயிற்றுக்குள் 'கே' உட்கார்ந்திருந்தால் கோஃப்-கே, அது எங்கள் நியூஜெர்சி டீனெக்கிலிருந்து வருவது. முக்கோணத்துக்குள் 'சிஆர்சி' என்றால் சிகாகோ ரபிகள் (யூத மதகுருக்கள்) மன்றம். கனடாவில் சிஓஆர், எம்கே, லண்டனில் கேஎல்பிடி. இவை தவிரச் சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் யாருக்காக வாங்குகிறீர்களோ அவர்கள் எதை ஏற்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். எல்லா வீட்டிலும் எல்லா முத்திரையும் செல்லுபடி ஆகாது.

படி 2: வெறும் 'கே' இருந்தால் நில்லுங்கள்

சுற்றி வட்டமோ நட்சத்திரமோ இல்லாமல் தனி 'கே' மட்டும் இருக்கும் பாக்கெட்டுகள் உண்டு. அது எந்தச் சான்றமைப்புக்கும் சொந்தமான குறி அல்ல, அதனால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்னால் நல்ல ரபி ஒருவர் இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நிறுவனத்திடம் "உங்களுக்குச் சான்று தருவது யார்" என்று கேட்டால்தான் தெரியும். கடையில் நிற்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது, நான் திருப்பி வைத்துவிடுவேன்.

இதே இடத்தில் இன்னும் இரண்டு வார்த்தைகள். 'கோஷர் டில்' என்று எழுதிய வெள்ளரி ஊறுகாய் பூண்டும் சோயிக்கீரையும் போட்ட ஒரு பாணி, அவ்வளவுதான், சான்று அல்ல. 'கோஷர் உப்பு' என்பது பரல் பெரிதான உப்பு. கோஷர் முறையில் இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இந்த உப்பைத் தூவி ஒரு மணி நேரம் ரத்தம் வடிய விட்டு, மூன்று முறை அலசுவார்கள். அந்த வேலைக்கு வாகான உப்பு என்பதால் வந்த பெயர். சாதாரண உப்பும் கோஷர்தான்.

படி 3: முத்திரைக்கு ஒட்டிய எழுத்து

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள்.

'டி' என்றால் பால் வகை. 'மீட்' அல்லது 'எம்' என்றால் இறைச்சி வகை. 'ஃபிஷ்' அல்லது 'எஃப்' என்றால் மீன் இருக்கிறது. மீனையும் இறைச்சியையும் ஒன்றாகச் சமைக்காத வழக்கம் இருப்பதால் அதைத் தனியாகச் சொல்கிறார்கள், நெத்திலி சேரும் வூஸ்டர்ஷயர் சாஸ் இதற்கு நல்ல உதாரணம். 'பார்வே' என்றால் பாலும் இல்லை இறைச்சியும் இல்லை, எதோடும் சேர்த்துச் சாப்பிடலாம். பல பொருள்களில் முத்திரை மட்டும் இருக்கும், பக்கத்தில் எழுத்தே இருக்காது. அதுவும் பொதுவாகப் பார்வே என்றுதான் அர்த்தம், ஆனாலும் பொருள் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

'பி' என்று தனியாக ஓர் எழுத்து வருமே, அது பார்வே இல்லை. அது பஸ்கா பண்டிகைக்கு உகந்தது என்பதற்கான அடையாளம். பார்வே என்றால் முழு வார்த்தையாக எழுதியிருப்பார்கள். 'பி'யைப் பார்த்துப் பால் இல்லை என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். பஸ்காவுக்கான பாலாடைக்கட்டியிலும் 'பி' இருக்கும்.

அப்புறம் 'டிஇ'. இதுதான் என் பிஸ்கட் கேள்விக்கான பதில். பொருளில் பால் கிடையாது, ஆனால் பால் சேர்ந்த வேறொன்று ஓடிய அதே இயந்திரத்தில் செய்தது என்று அர்த்தம். பலருடைய வழக்கப்படி இதை இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, இறைச்சி சாப்பிட்டு முடித்தபின் ஆறு மணி நேரம் காத்திராமல் சாப்பிடலாம். ஸ்டார்-கே, ஓகே போன்ற அமைப்புகள் 'டிஇ' போடுவார்கள். ஓயூ பெரும்பாலும் இந்தப் பிரிவுக்குள் போகாமல் இரண்டுக்கும் 'டி' என்றே போட்டுவிடும். ஓரியோ பிஸ்கட்டில் பால் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, ஆனாலும் அதில் ஓயூ-டி இருப்பதற்குக் காரணம் இயந்திரம்தான்.

ஓரியோவின் கதை இயந்திரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதையும் சொல்லும். 1912இல் வந்த பிஸ்கட் அது. நடுவிலிருக்கும் வெள்ளைக் கிரீமில் பல காலம் பன்றிக் கொழுப்பு இருந்தது, 1990களில்தான் அதை எடுத்துவிட்டுத் தாவரக் கொழுப்புக்கு மாறினார்கள். கொழுப்பை மாற்றினால் போதாதா என்றால், போதாது. பழைய கொழுப்பின் சுவை இரும்பில் ஊறியிருக்கிறது என்பது விதி. ஆலையில் ஒவ்வொரு அடுப்பாக, உள்ளே பற்றவைப்புத் தீ காட்டிச் சுட்டெடுத்தார்கள். வேலை முடிந்து முத்திரை வர 1997 டிசம்பர் ஆகிவிட்டது. நம் வீடுகளில் மாமிசம் சமைத்த பாத்திரத்தைச் சைவச் சமையலுக்கு எடுக்காத பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

படி 4: பொருள் பட்டியலில் எந்த வரி சந்தேகத்துக்குரியது?

"நான்தான் பட்டியலைப் படிக்கிறேனே, முத்திரை எதற்கு" என்று கேட்கலாம். பட்டியலில் 'கிளிசரின்' என்று போட்டிருக்கும். அது மாட்டுக் கொழுப்பிலிருந்தா, தேங்காய் எண்ணெயிலிருந்தா? அந்த வரி சொல்லாது. மோனோ டைகிளிசரைடு, ஸ்டீரிக் அமிலம், 'இயற்கைச் சுவைகள்', என்சைம் எல்லாமே இந்த ரகம்தான்.

1935இல் அட்லாண்டாவில் டோபியாஸ் கெஃபென் என்ற ரபி கொக்கோ கோலாவின் ரகசியச் சேர்மானத்தைப் பார்க்க அனுமதி வாங்கினார். அதில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் துளியூண்டு இருந்தது. தவறுதலாக விழுந்தது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு விதி உண்டு. ஆனால் இது தவறி விழவில்லை, வேண்டுமென்றே சேர்த்தது, அதனால் விலக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். நிறுவனம் தாவர எண்ணெயில் செய்த கிளிசரினுக்கு மாறியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அளவு முக்கியமில்லை, எண்ணம்தான் முக்கியம் என்று வரும் அந்த நுணுக்கம்.

கண்ணில் பட்டால் நிற்க வேண்டிய மற்றவை: ஜெலட்டின் (சாதாரண மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் பன்றியிலிருந்து), கார்மைன் என்ற சிவப்பு நிறம் (காய்ந்த பூச்சியை அரைத்து எடுப்பது, கோஷர் ஆகாது), பாலைத் திரைய வைக்கும் ரென்னெட், அப்புறம் திராட்சை. திராட்சைக்கு என்ன வந்தது என்று தோன்றும். பழமாகச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஒயினாகவோ சாறாகவோ ஆகும்போது நசுக்குவதிலிருந்து எல்லாவற்றையும் விதி பேணும் யூதர்கள்தான் கையாள வேண்டும். அதனால் திராட்சைச் சாறு சேர்த்து இனிப்பாக்கிய ஜாம், மிட்டாய், கலப்புப் பழச்சாறு, ஒயின் வினிகர் எல்லாவற்றுக்கும் முத்திரை தேவைப்படும். கெட்டிப் பாலாடைக்கட்டியும் இப்படித்தான். ரென்னெட் தாவரத்திலிருந்தே வந்தாலும் தயாரிப்பில் யூதக் கண்காணிப்பு இல்லாவிட்டால் கோஷர் ஆகாது.

பட்டியலில் வரவே வராத விஷயங்களும் உண்டு. எண்ணெய் வந்த டேங்கர் லாரி போன தடவை விலங்குக் கொழுப்பு ஏற்றியதா, ஆலையில் ஒரே கொதிகலனின் நீராவி இறைச்சி சூப்புக்கும் தக்காளிச் சாஸுக்கும் சுற்றி வருகிறதா என்பதெல்லாம். இதையெல்லாம் பார்ப்பதற்கு 'மஷ்கியாக்' என்ற கண்காணிப்பாளர் வருவார், பல ஆலைகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல்.

படி 5: முத்திரை தேவைப்படாதவை

வெட்டாத பழம், காய்கறி, பச்சை முட்டை, தண்ணீர், உப்பு, சர்க்கரை, எதுவும் சேர்க்காத அரிசி, பருப்பு, மாவு, சுவை சேர்க்காத சாதாரணத் தேயிலை, காப்பிக்கொட்டை. இவற்றை முத்திரை இல்லாமலேயே வாங்குவார்கள். பாலில் இரண்டு கட்சி. அமெரிக்காவில் அரசுக் கண்காணிப்பு இருப்பதால் கடைப் பால் போதும் என்று ரபி மோஷே ஃபைன்ஸ்டீன் தீர்ப்புச் சொன்னார், பெரும்பாலானோர் அதன்படி வாங்குகிறார்கள். இன்னொரு சாரார் யூதர் கண்ணெதிரே கறந்த 'ஹலாவ் யிஸ்ராயேல்' பாலைத்தான் வாங்குவார்கள்.

படி 6: பஸ்கா வந்தால் கணக்கே வேறு

வசந்தத்தில் வரும் இந்த எட்டு நாள் (இஸ்ரேலில் ஏழு) கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒருவகைக் கோதுமை) ஆகிய ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கவே கூடாது. வருடம் முழுக்கக் கோஷரான ரொட்டி அந்த வாரம் ஆகாது. அதனால்தான் 'பி' தேவைப்படுகிறது. அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கக்காரர்கள் அரிசி, சோளம், பருப்பு வகைகளையும் தவிர்ப்பார்கள், செஃபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) வழக்கக்காரர்கள் பலர் சாப்பிடுவார்கள். சோளத்தைத் தவிர்ப்பதால் சோளப் பாகு போட்ட கோலாவும் கூடாது. அந்தச் சமயத்தில் மட்டும் மஞ்சள் மூடி போட்ட கோலா பாட்டில் கடைக்கு வரும், அதில் நிஜச் சர்க்கரை. யூதர் அல்லாதவர்களும் ருசிக்காக அதை வாங்கிக் குவிப்பார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு பாட்டில் ஒதுங்கும்.

படி 7: உங்கள் கேள்வி வேறு என்றால்

கோஷர் முத்திரை யூத விதிக்கு உகந்ததா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. உங்கள் கேள்வி வேறாக இருந்தால் இங்கே கவனம் வேண்டும்.

நீங்கள் சைவமா? ஊரில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிய பழக்கத்தில் 'பார்வே'யையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டை பார்வே, மீனும் பார்வே. கோஷர் மார்ஷ்மெல்லோவில் பன்றி இருக்காது, மீன் ஜெலட்டின் இருக்கலாம். கோஷர் முறைப்படி அறுத்த மாட்டின் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினையும் பார்வே என்று ஏற்கும் அமைப்புகள் உண்டு, ஆகவே 'டி' போட்ட தயிரிலும் ஜெலட்டின் என்ற வரியைத் தேடுங்கள். நெத்திலி போட்ட சீஸர் சாலட் டிரெஸ்ஸிங் முத்திரையோடு கம்பீரமாக அலமாரியில் நிற்கும். சில ரொட்டிகளில் மாவை இளக்கச் சேர்க்கும் எல்-சிஸ்டீன் பறவை இறகிலிருந்து வரக்கூடும், அதற்கும் சான்று கிடைக்கும். என் அனுபவத்தில் முத்திரை நமக்குப் பயன்படுவது ஒரே ஒரு விஷயத்தில்: பார்வேயோ 'டி'யோ இருந்தால் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் மறைவாக நுழைந்திருக்காது. மீதிக்குக் கண்ணும் பட்டியலும்தான். வீகன்களுக்கும் இதே கதை, தேனும் பூச்சி அரக்கில் செய்த மிட்டாய்ப் பூச்சும் தடையில்லாமல் முத்திரை வாங்கும்.

குழந்தைக்குப் பால் ஒவ்வாமை இருக்கிறதா? அப்படியானால் பார்வேயை நம்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மத விதிப்படி சுத்தம் செய்த இயந்திரத்திலும் ஒவ்வாமையைக் கிளப்புகிற அளவு பால் ஒட்டியிருக்க முடியும், முக்கியமாகக் கறுப்புச் சாக்லேட்டில். ஒவ்வாமைப் பொருளைத் தெளிவாக எழுத வேண்டும் என்ற 2004ஆம் வருடச் சட்டப்படி, சேர்த்த பாலின் பெயர் பொருள் பட்டியலிலோ 'கன்டெய்ன்ஸ் மில்க்' வரியிலோ வரும், இரண்டையும் பாருங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருந்து கலந்த பாலைச் சொல்ல அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள். எள்ளும் 2023 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஹலால் தேடுகிறவர்களில் சிலர் கோஷர் இறைச்சியை ஏற்பார்கள், சிலர் ஏற்பதில்லை. கோஷரில் மதுவுக்குத் தடை இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 8: சந்தேகம் வந்தால்

பெரிய அமைப்புகள் எல்லாமே இணையத்தில் பொருள் பெயரைப் போட்டுத் தேடும் வசதி வைத்திருக்கின்றன. மொத்தமாக வாங்குகிறவர்கள் சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம், அதில் காலாவதித் தேதி இருக்கும், அதைப் பாருங்கள். ஒரே கம்பெனியின் வெண்ணிலாவுக்கு முத்திரை இருந்து ஸ்ட்ராபெர்ரிக்கு இல்லாமல் போகலாம், ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டையும் அதனதன் மேல் இருப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். விருந்துக்குக் கொண்டுபோவதென்றால் பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மைசூர்பாகாக இருந்தாலும் உங்கள் வீட்டு வாணலி கோஷர் இல்லை, அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

நான் இப்போதெல்லாம் பாட்டி வீட்டுக்குப் பழக்கூடையோடுதான் போகிறேன். முத்திரை வேண்டாம், எழுத்து வேண்டாம், கோழியோடும் சேரும். போன மாதம் கூடையை வாங்கியதும் மறுபடியும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். ஸ்ட்ராபெர்ரி. பூச்சியைத் தின்பது தடை என்பதால் ஒவ்வொன்றாகக் காம்பைக் கிள்ளி, தண்ணீரில் போட்டு, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டுமாம். சமையலறையில் பாட்டிக்குப் பக்கத்தில் நின்று நானும் ஒரு கிண்ணம் பார்த்துக் கொடுத்தேன்.